1998 ஜென்: ஏழு வாரம் பிடிபடாத கூலன்ட் கசிவு

எங்கள் காரில், இன்ஜினைக் குளிர்விக்கும் கூலன்ட் திரவத்தின் ரிசர்வ் டேங்க் பக்கவாட்டில் கருப்பு மார்க்கர் பேனாவால் நான் கோடு போட்டது மார்ச் 9ஆம் தேதி. இன்று ஏப்ரல் 20. காலையில் இன்ஜின் முழுவதும் ஆறிக் கிடந்தபோது பானட்டைத் திறந்து பார்த்தேன். கூலன்டின் மட்டம் அந்தக் கோட்டைத் தொட்டபடியே நிற்கிறது. இடையில் 42 நாட்கள், 1,140 கிலோமீட்டர், ஒருமுறை குன்னூர் மலைப்பாதை. இனி எழுதலாம் என்ற தைரியம் இன்றுதான் வந்தது. இதற்கு முன் இரண்டு முறை சரியாகிவிட்டது என்று நம்பி ஏமாந்திருக்கிறேன் என்பதால், ஒரு மாதமாவது மட்டம் அசையாமல் நிற்கட்டும் என்று காத்திருந்தேன்.

கார் 1998ஆம் ஆண்டு மாருதி ஜென்; கார்புரேட்டர் வண்டி, 993 சிசி. 2009இல் மாமனாரிடமிருந்து எங்களிடம் வந்தது. அவரிடம் இருந்தபோதும் சரி, எங்களிடம் வந்தபின் முதல் ஆறேழு ஆண்டுகளும் சரி, ரேடியேட்டரில் தண்ணீர் குறைந்தால் வீட்டுப் போர்வெல் குழாயிலிருந்து பிடித்து ஊற்றுவதே வழக்கமாக இருந்தது. கோயம்புத்தூரில் சிறுவாணித் தண்ணீர் வரும் வீடுகளில் பாத்திரத்தில் உப்புப் படியாது; எங்கள் பகுதிப் போர்வெல் தண்ணீரிலோ இரண்டே மாதத்தில் வாட்டர் ஹீட்டரின் கம்பி சுண்ணாம்பு பூசியதுபோல் வெளுத்துவிடும். அந்தத் தண்ணீரைத்தான் இன்ஜினுக்குள் பல ஆண்டுகள் ஓட விட்டிருக்கிறோம். இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் உழைத்த இரும்பு அதன் பிறகு துருப்பிடித்ததற்கு வண்டியைக் குறை சொல்ல ஒன்றுமில்லை.

கசிவு தெரியவந்தது பொங்கல் விடுமுறையில். மேட்டுப்பாளையத்தில் டீ குடித்துவிட்டுக் குன்னூருக்கு ஏறிக்கொண்டிருந்தோம். வழக்கமாகப் பாதிக்குச் சற்றுக் கீழே நிற்கும் வெப்பமானி முள், கல்லாறு தாண்டிய கொண்டை ஊசி வளைவுகளில் மெல்ல நகர்ந்து, பர்லியாறை நெருங்கும்போது முக்கால் பங்கில் நின்றது. ஏசியை அணைத்து, இன்ஜின் சூட்டை இழுத்துக்கொள்ளட்டும் என்று காரின் ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, அகலமான இடம் கிடைத்ததும் ஓரம் கட்டினேன். ரிசர்வ் டேங்க் காலியாக இருந்தது. ரேடியேட்டர் மூடியைத் தொடாமல் நாற்பது நிமிடம் காத்திருந்து, மேல் ஹோஸைக் கையால் இறுக்கிப் பிடிக்கும் அளவுக்குச் சூடு இறங்கிய பிறகு, துணியைப் போட்டு மூடியைத் திறந்தேன். ஏறக்குறைய ஒரு லிட்டர் குடிநீர் உள்ளே போனது. அன்று குன்னூருக்குப் போகாமல் திரும்பிவிட்டோம்.

வீட்டுக்கு வந்ததும் முதலில் தெரிந்துகொள்ள விரும்பியது இன்ஜின் பிளாக்குக்கும் அதன் மேலுள்ள ஹெட்டுக்கும் நடுவில் கூலன்டும் ஆயிலும் கலக்காமல் அடைக்கும் ஹெட் பேக்கிங் போய்விட்டதா என்பதுதான். அது போயிருந்தால் செலவும் வேலையும் வேறு கணக்கு. டிப்ஸ்டிக்கில் ஆயில் சுத்தமாக இருந்தது. ஆயில் மூடியின் உட்புறத்தில் பால் கலந்ததுபோன்ற படிவு இல்லை. காலைக் குளிரில் ஸ்டார்ட் செய்தபோது புகைபோக்கியில் இனிப்பு வாசனையோ நிற்காத வெண்புகையோ இல்லை. ஆறிய இன்ஜினில் ரேடியேட்டர் மூடியைத் திறந்துவைத்து ஸ்டார்ட் செய்து ஐந்து நிமிடம் பார்த்தேன். தொடக்கத்தில் இரண்டு மூன்று குமிழிகள் வந்தன, பிறகு நின்றுவிட்டன. பேக்கிங் போன வண்டியில் குமிழி நிற்காமல் வந்துகொண்டே இருக்கும், மேல் ஹோஸும் ஸ்டார்ட் செய்த ஓரிரு நிமிடத்திலேயே கல்போல் விறைத்துவிடும். இரண்டும் இல்லை. ஆகவே கசிவு வெளியே எங்கோதான் இருக்கிறது என்று முடிவு செய்தேன். முன் இருக்கையின் கால்விரிப்பைத் தூக்கிப் பார்த்து, ஹீட்டரின் உட்பகுதி கசியவில்லை என்பதையும் உறுதிசெய்துகொண்டேன்.

அடுத்து எவ்வளவு குறைகிறது என்று அளக்கத் தொடங்கினேன். மருந்துக்கடையில் 35 ரூபாய்க்கு 50 மில்லி ஊசி ஒன்று வாங்கி, ஞாயிறுதோறும் காலையில் வண்டி ஆறியிருக்கும்போது, ரிசர்வ் டேங்கின் மேல்கோடு வரும்வரை அந்த ஊசியாலேயே நிரப்பி, ஊற்றிய அளவை ஒரு நோட்டில் குறித்தேன். முதல் வாரம் 190 மில்லி, இரண்டாம் வாரம் 210. ஓட்டம் நாளொன்றுக்குச் சுமார் 25 கிலோமீட்டர், எல்லாம் நகருக்குள். இந்த ஒரு பழக்கம் இல்லாவிட்டால் பின்னால் வந்த எதையும் என்னால் நிதானித்திருக்க முடியாது. ‘கொஞ்சம் குறைகிறது’ என்று கண்ணால் பார்த்துச் சொல்வதற்கும், வாரம் 200 மில்லி என்று தெரிந்திருப்பதற்கும் நிறைய வேறுபாடு இருக்கிறது.

இந்தக் கட்டத்தில் இரண்டு பேர் ரேடியேட்டரில் மஞ்சள்தூள் போடச் சொன்னார்கள். ஒருவர் கடையில் விற்கும் லீக் பவுடரைச் சொன்னார். நடுவழியில் நின்றுவிட்ட வண்டியை வீடுவரை கொண்டுவர மஞ்சள்தூள் உதவும் என்பதை நான் மறுக்கவில்லை. ஆனால் ஓட்டையை அடைக்கிற தூள் ஓட்டையைத் தேடிப்போய் அடைப்பதில்லை. ரேடியேட்டரின், ஹீட்டரின் மெல்லிய குழல்களிலும் அதேபோல் தங்கும். ஏற்கெனவே உப்புப் படிந்திருக்கக்கூடிய வண்டியில் அதைச் செய்ய எனக்கு மனம் வரவில்லை.

எளிய பொருளிலிருந்து தொடங்கலாம் என்று ரேடியேட்டர் மூடியை மாற்றினேன். பழைய மூடியின் கீழ் ரப்பர் வெடித்து, விளிம்பில் நகம் பதியாத அளவுக்கு விறைத்திருந்தது. அழுத்த அளவு 0.9 என்று அச்சிட்ட அதே அளவு மூடி 140 ரூபாய். மூன்றாம் வாரம் 200 மில்லி. மூடி மாற்ற வேண்டியதுதான், ஆனால் கசிவு அதனால் அல்ல. பழைய மூடியைத் தூக்கி எறியாமல் வைத்திருந்தது பின்னால் பெரிதும் பயன்பட்டது.

பிறகு மேல் ஹோஸ். கிளிப் இறுக்கும் இடத்தில் மயிரிழை அளவில் வெடிப்புகள் இருந்தன. ஓரத்தில் பச்சை கலந்த வெள்ளைப் பொடி படிந்திருந்தது. கூலன்ட் கசிந்து, சூட்டில் காய்ந்தால் இப்படித்தான் பொடி நிற்கும். இதுதான் என்று உறுதியாக நம்பி, ஹோஸ் 260 ரூபாய்க்கும் இரண்டு கிளிப்புகள் 50 ரூபாய்க்கும் வாங்கி மாற்றினேன். நான்காம் வாரம் 180 மில்லி. 20 மில்லி குறைந்ததைக் கண்டு ஓரளவு சரியாகியிருக்கிறது, இன்னும் எங்கோ சிறிது மிச்சம் இருக்கிறது என்று எண்ணினேன். அது தவறான கணிப்பு. அந்த வாரம் இரண்டு நாள் வண்டியை எடுக்கவே இல்லை. நாள்கணக்கில் பார்த்தால் கசிவு குறையவே இல்லை. நோட்டில் மில்லியை எழுதிய நான் கிலோமீட்டரை எழுதாமல் விட்டிருந்தேன்.

ஃப்ரிட்ஜ் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து, இரவில் வண்டியின் முன்பகுதிக்கு அடியில் விரித்தேன். முன்சக்கரங்களின் இடத்தையும் ரேடியேட்டரின் நேர்கோட்டையும் அட்டையில் பேனாவால் வரைந்துகொண்டேன். காலையில் பத்து ரூபாய் நாணயம் அளவில் இரண்டு கறைகள், டைமிங் பெல்ட் இருக்கும் பக்கத்தில், கூலன்டைச் சுழலவிடும் வாட்டர் பம்புக்கு நேர் கீழே. மூன்று இரவுகள் தொடர்ந்து அதே இடம். பகலில் வண்டியை நிறுத்திய இடங்களில் ஈரமே காணாததற்கும் காரணம் புரிந்தது: இன்ஜின் சூடாக இருக்கும்வரை கசிகிற துளி இரும்பின் மேலேயே ஆவியாகிவிடுகிறது, சூடு தணிந்த பிறகும் உள்ளே அழுத்தம் மிச்சமிருக்கும் அந்த ஒரு மணி நேரத்தில் விழும் துளிகள் மட்டுமே தரைவரை வருகின்றன.

இங்கேதான் பெரிய தவறு செய்தேன். கறை பம்புக்குக் கீழே இருக்கிறது, ஆகவே பம்ப்தான் கசிகிறது என்று முடிவுகட்டி, பக்கத்துத் தெரு மெக்கானிக் அண்ணனிடம் வண்டியை விட்டேன். இந்த இன்ஜினில் பம்பைக் கழற்ற வேண்டுமானால் ஃபேன் பெல்ட், கிராங்க் புல்லி, டைமிங் கவர், டைமிங் பெல்ட் எல்லாம் வெளியே வரவேண்டும். ஆகவே டைமிங் பெல்ட்டையும் புதிதாகப் போட்டுவிடலாம் என்று அதையும் வாங்கினேன். பெல்ட்டைக் கழற்றியதும் அவர் பம்பின் தண்டைப் பிடித்து ஆட்டிப் பார்த்தார். “பம்ப்புல ஆட்டமே இல்லீங்க. அடியில இருக்கற ஓட்டையும் காஞ்சு கெடக்குது. வேற எடம் பாத்துட்டு அப்பறம் கழட்டலாமுங்களா?” என்று கேட்டார். பம்பின் உள்சீல் போனால் தண்ணீர் அந்தச் சிறு ஓட்டை வழியாகத்தான் வெளியே வரும். அதற்காகவே அந்த ஓட்டையை வைத்திருக்கிறார்கள். அது காய்ந்திருக்கிறது என்றால் பம்ப் நன்றாக இருக்கிறது என்று பொருள். அவர் சொன்னது முழுக்கச் சரி. இவ்வளவு தூரம் பிரித்துவிட்டோம், இருபத்தைந்து ஆண்டுப் பழைய பம்ப், மாற்றியே விடலாம் என்று வற்புறுத்தியது நான்தான்.

பம்ப் 1,150, டைமிங் பெல்ட் 520, கூலி 1,400, வடித்துவிட்டதற்கு மாற்றாக ஊற்றிய கூலன்ட் 300, ஆக மொத்தம் 3,370 ரூபாய். பம்புக்கும் ஆயில் பம்புக்கும் நடுவிலும், பம்புக்கும் ஹெட்டுக்கும் நடுவிலும் வரும் இரண்டு ரப்பர் சீல்களை மறக்காமல் போட்டார். பம்புக்குத் தண்ணீர் கொண்டுவரும் இரும்புக் குழாயை இலேசாக இழுத்து, அதன் முனையில் ஓ-ரிங் என்னும் ரப்பர் வளையத்தைப் புதிதாகப் போட்டு மீண்டும் செருகினார். ஐந்தாம் வாரம் 350 மில்லி.

குறையாமல் கூடியிருந்தது. அன்று நோட்டை மூடிவைத்துவிட்டுச் சற்று நேரம் வண்டியின் அருகிலேயே உட்கார்ந்திருந்தேன். பம்ப் மாற்றியதில் கூடியிருக்கிறது என்றால், பம்ப் மாற்றும்போது அசைந்த ஏதோ ஒன்றுதான் கசிகிறது. இதுவரை நான் செய்ததெல்லாம் ஊகித்து மாற்றுவதுதான். கசிகிற இடத்தை ஒருமுறைகூடக் கண்ணால் பார்க்கவில்லை. சூடான இன்ஜினில் பார்க்க முடியாது, ஆவியாகிவிடும். ஆறிய இன்ஜினில் அழுத்தம் இல்லை, கசியாது. ஆகவே ஆறிய இன்ஜினில் அழுத்தத்தை வெளியிலிருந்து கொடுக்க வேண்டும். அதற்கென்று கருவி விற்கிறது. ஆனால் என் கையில் பழைய மூடி இருந்தது.

அந்த மூடியின் நடுவில் இருந்த ரிவெட்டை அரத்தால் தேய்த்து, ஸ்பிரிங்கையும் கீழ் வால்வையும் கழற்றினேன். நடுவில் 10 மில்லிமீட்டர் டிரில்லால் துளையிட்டு, வட்ட அரத்தால் 11.5 மில்லிமீட்டருக்கு விரித்து, டியூப்லெஸ் டயரில் போடும் ரப்பர் வால்வை உள்ளிருந்து சோப்புத் தண்ணீர் தடவி இழுத்துப் பொருத்தினேன். பஞ்சர் கடையில் வால்வு 20 ரூபாய். ஸ்பிரிங் போய்விட்டதால் மூடியின் மேல்விளிம்பு இறுக்கமாக உட்காராது; லாரி டியூபில் வட்டம் வெட்டி உள்ளே வைத்தேன். ரேடியேட்டரை விளிம்புவரை நிரப்பி, இந்த மூடியைப் போட்டு, அழுத்தம் காட்டும் கால் பம்பால் மிதித்தேன். முள் ஏறவே இல்லை. ரிசர்வ் டேங்கில் குபுகுபுவென்று குமிழி வந்தது. கீழ் வால்வை எடுத்துவிட்டதால் காற்று ரேடியேட்டர் கழுத்தின் பக்கக் குழல் வழியாக நேரே டேங்குக்குப் போகிறது. அந்தச் சிறு ஹோஸை மடித்து வைஸ் கிரிப் குறடால் இறுக்கியதும் நான்கே மிதியில் 12 பிஎஸ்ஐ வந்தது. மூடியில் உள்ள 0.9 என்பது ஏறக்குறைய 13 பிஎஸ்ஐ; அதற்கு மேல் போகக்கூடாது, நல்ல நிலையில் உள்ள ரேடியேட்டரையே பிளந்துவிடலாம். பத்து நிமிடத்தில் முள் 12இலிருந்து 8க்கு இறங்கியது. கால் பம்பின் பிடியிலும் மூடியின் ஓரத்திலும் சோப்பு நுரை வைத்துப் பார்த்தேன், அங்கெல்லாம் குமிழி இல்லை. இன்ஜின் பக்கம்தான் இறங்குகிறது.

முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி இரண்டு ஸ்டாண்டுகளில் நிறுத்தி, பின்சக்கரங்களுக்குக் கட்டை வைத்துவிட்டு அடியில் படுத்தேன். கையில் டார்ச், 80 ரூபாய்க்கு வாங்கிய நீளக் கம்பியில் பொருத்திய சிறு கண்ணாடி, ஒரு கட்டு டிஷ்யூ காகிதம். புதுப் பம்பின் கீழ் விளிம்பில் துளி நின்றுகொண்டிருந்தது. அதைத் துடைத்துவிட்டு, பம்பைச் சுற்றி டிஷ்யூவை ஒற்றினேன். பம்பும் அதன் இணைப்பும் காய்ந்திருந்தன. ஆனால் சிறிது நேரத்தில் அதே இடத்தில் மீண்டும் துளி. பம்புக்குள் செருகியிருக்கும் இரும்புக் குழாயின் அடிப்பக்கத்தில் டிஷ்யூவை வைத்து, பம்பிலிருந்து பின்னோக்கி விரற்கடை விரற்கடையாக நகர்த்திக்கொண்டே போனேன். எல்லா இடத்திலும் ஈரம். குழாயைப் பிளாக்கோடு பிடித்துவைக்கும் பட்டையைத் தாண்டியதும் டிஷ்யூ காய்ந்த நிலையிலேயே வந்தது. பட்டைக்கு முன்னால் ஈரம், பின்னால் காய்வு. கண்ணாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தபோது, பட்டைக்கும் குழாய்க்கும் நடுவில் அடைந்திருந்த சேற்றுக்குள்ளிருந்து கடுகளவு துளி ஒன்று பிதுங்கி, கனத்து, குழாயின் அடிவயிற்றைப் பற்றிக்கொண்டு பம்பை நோக்கி வழுக்கிப் போவதைப் பார்த்தேன். குழாய் பம்பை நோக்கிச் சற்றே தாழ்ந்து இறங்குகிறது. எங்கே கசிந்தாலும் துளி பம்புக்குக் கீழே வந்துதான் விழும். மூன்று இரவு அட்டை காட்டியது துளி விழுந்த இடத்தை மட்டுமே.

அந்தப் பட்டை 6 மில்லிமீட்டர் போல்ட்டால் பிளாக்கில் பூட்டப்பட்டிருக்கிறது. 10 நம்பர் ஸ்பேனர். பிளாக் அலுமினியம், போல்ட் இரும்பு, நடுவில் துரு. அவசரப்பட்டால் போல்ட் தலை முறிந்து கையோடு வரும். துரு நீக்கும் எண்ணெயை இரவு ஒருமுறை, காலை ஒருமுறை என இரண்டு நாள் தெளித்தேன். மூன்றாம் நாள் முதலில் தளர்த்தாமல், இறுக்கும் திசையில் இலேசாக ஒரு தட்டு. ‘டிக்’கென்று சத்தம் வந்தது. பிறகு கால் சுற்று தளர்த்தி, மீண்டும் எண்ணெய் விட்டு, கால் சுற்று இறுக்கி, அரைச் சுற்று தளர்த்தி, இப்படி அரை மணி நேரத்தில் முழு போல்ட்டும் மரை கெடாமல் வந்தது. வடித்த கூலன்டை மூடியுள்ள கேனில் உடனே ஊற்றி வைத்தேன். தட்டில் திறந்து வைத்தால் அதன் இனிப்புக்குத் தெருநாய்கள் நக்க வரும். கொஞ்சம் குடித்தாலே நாயின் சிறுநீரகம் போய் செத்துவிடும். எங்கள் தெருவில் நான்கு நாய்கள் இருக்கின்றன, இந்த ஒரு விஷயத்தில் கவனம் தவறக்கூடாது.

வெளியே எடுத்த குழாயைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தேன். இரண்டு முனைகளிலும் இரும்பு நன்றாகவே இருந்தது. வெர்னியரில் சுவர்க் கனம் 1.6 மில்லிமீட்டர். பட்டை பற்றவைத்திருந்த இடத்தில் துரு அடுக்கடுக்காகப் பிஸ்கட்போல் உரிந்தது. மூன்றாவது அடுக்கை ஸ்குரூடிரைவர் முனையால் தொட்டதும், அழுத்தம் கொடுக்காமலேயே முனை உள்ளே இறங்கிவிட்டது. சுற்றிலும் கறுப்பு, நடுவில் குண்டூசித் தலை அளவுக்கு வெளிச்சம் தெரிந்தது. குழாய்க்குள் பார்த்தால் அதே இடத்தில் பழுப்பு நிறத்தில் உப்பும் துருவும் சேர்ந்து பொருக்குக் கட்டியிருந்தது. பொருக்கின் ஒரு பகுதி புதிதாக உடைந்து விழுந்த அடையாளமும் தெரிந்தது. பம்ப் மாற்றும்போது குழாயை இழுத்துச் செருகியதில் உடைந்திருக்க வேண்டும். கசிவு 180இலிருந்து 350 ஆனதற்கு விடை அதுதான். ஓட்டையை இத்தனை நாள் ஓரளவு மூடி வைத்திருந்தது அந்தப் பொருக்கே.

புதுக் குழாய் உடனே கிடைக்கவில்லை. ஜென் தயாரிப்பு 2006இலேயே நின்றுவிட்டது. உதிரிபாகக் கடையில் சொல்லி வைத்தால் ஆறு நாள் ஆகும் என்றார்கள். அதற்குள் இதையே சரிசெய்யலாம் என்று கோயம்புத்தூர் கணபதியில் ஒரு லேத் பட்டறைக்குக் கொண்டுபோனேன். அங்கிருந்த பெரியவர் குழாயைச் சுத்தியலின் பின்புறத்தால் மெல்லத் தட்டிக்கொண்டே சத்தத்தைக் கேட்டார். “இதப் பத்த வெச்சா இந்தப் பக்கம் அடையுமுங்க, அந்தப் பக்கம் புதுசா ஓட்ட உழுகும். தகரமா மெலிஞ்சு போச்சு” என்றார். ஆனாலும் நான் கேட்டதற்காகப் பித்தளைக் கம்பி வைத்துப் பற்றவைத்துக் கொடுத்தார், 150 ரூபாய். வீட்டில் ஒரு முனையை ரப்பர் கார்க்கால் அடைத்து, மறுமுனையில் ஹோஸ் துண்டும் வால்வும் பொருத்தி, வாளித் தண்ணீரில் அமுக்கி 12 பிஎஸ்ஐ கொடுத்தேன். பற்றவைத்த இடம் உறுதியாக இருந்தது. அதிலிருந்து ஒரு சென்டிமீட்டர் தள்ளி இரண்டு இடங்களில் மணிமணியாகக் குமிழி. அந்த இடத்தில் சுவர்க் கனம் அரை மில்லிமீட்டர்கூட இல்லை.

அவரே ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் புதிதாக வளைத்துத் தருவதாகவும் சொன்னார். ஹீட்டர் ஹோஸுக்கான கிளைக்குழாய், ஓ-ரிங் உட்காரும் பள்ளம், ஹோஸ் நழுவாமல் இருக்க முனையில் வரும் மேடு, இவை மூன்றும் அளவு பிசகாமல் அமைய வேண்டும் என்பதால் காத்திருப்பதே மேல் என்று விட்டுவிட்டேன். ஏழாம் நாள் குழாய் வந்தது, 640 ரூபாய்.

பொருத்துவதற்கு முன் புதுக் குழாயில், பட்டைக்கும் குழாய்க்கும் நடுவிலுள்ள இடுக்கில் ரெட் ஆக்சைடு பிரைமரை மெல்லிய பிரஷ்ஷால் இரண்டு பூச்சு கொடுத்து, ஒருநாள் காயவிட்டேன். சேறு தங்கிய இடம் அதுதான், இனியும் தங்கும். பம்பில் ஓ-ரிங் செருகும் துளையை நைலான் ஸ்கரப்பரால் மட்டும் தேய்த்தேன். அலுமினியத்தில் உப்புத்தாள் போட்டால் கீறல் விழுந்து அதன் வழியே கசியும். 15 ரூபாய் ஓ-ரிங்கைக் கூலன்டிலேயே நனைத்து, குழாயைத் திருகாமல் நேராக அழுத்தினேன். கிரீஸ் தடவக்கூடாது, சில ரப்பர் அதில் ஊதிவிடும். பட்டையின் போல்ட்டை முதலில் விரலால் மட்டும் பூட்டிவிட்டு, ஹோஸ்கள் எல்லாவற்றையும் மாட்டி, குழாய் தன் இயல்பான இடத்தில் உட்கார்ந்த பிறகே இறுக்கினேன். கீழ் ஹோஸ் கழற்றும்போதே முனை பிய்ந்துவிட்டதால் அதையும் 240 ரூபாய்க்குப் புதிதாகப் போட்டேன்.

நிரப்புவதற்கு முன் இரண்டு முறை சாதாரணத் தண்ணீராலும் ஒருமுறை டிஸ்டில்டு வாட்டராலும் கழுவினேன். முதல் முறை வெளிவந்தது கடுங்காப்பி நிறம். மூன்றாவது முறை இளநீரைவிடச் சற்றுக் கலங்கலாக இருந்தது. அதற்கு மேல் தெளியவில்லை. பிறகு நான்கு லிட்டருக்குக் கணக்காக 1.6 லிட்டர் செறிவான கூலன்ட், 2.4 லிட்டர் டிஸ்டில்டு வாட்டர் என்று வாளியிலேயே கலந்து, மெல்ல ஊற்றினேன். முன்சக்கரங்களை வீட்டுவாசல் சரிவில் மேலே ஏற்றி நிறுத்தி, ஹீட்டரை முழுச் சூட்டில் வைத்து, மூடியில்லாமல் இன்ஜினை ஓடவிட்டு, மேல் ஹோஸை விட்டுவிட்டு அமுக்கிக்கொண்டிருந்தால் உள்ளே சிக்கிய காற்று குமிழியாக வெளியேறும். சூடேறியதும் கூலன்டை ரேடியேட்டருக்கு விடும் தெர்மோஸ்டாட் வால்வு திறந்து மேல் ஹோஸ் சுட்டதும் மட்டம் சட்டென்று இறங்கியது. இன்னும் கொஞ்சம் ஊற்றி மூடினேன். ஃபேன் இரண்டு முறை ஓடி நிற்கும்வரை விட்டு அணைத்தேன். மொத்தம் உள்ளே போனது 3.6 லிட்டர்.

மறுநாள் காலை, ஆறிய இன்ஜினில், மீண்டும் அந்தப் பழைய மூடியைப் போட்டு 12 பிஎஸ்ஐ. அரை மணி நேரம் கழித்து முள் 12க்கு ஒரு மயிரிழை கீழே நின்றது. டிஷ்யூ எங்கே வைத்தாலும் காய்ந்தே வந்தது. முதல் மூன்று நாளில் ரிசர்வ் டேங்க் 120 மில்லி குறைந்தது. மிச்சமிருந்த காற்று வெளியேறியதற்கு அது. அதை நிரப்பிவிட்டுத்தான் மார்ச் 9இல் கோடு போட்டேன்.

செலவுக் கணக்கு: ஊசி, மூடி, மேல் ஹோஸ், கிளிப், பம்ப் வேலை, வால்வு, கண்ணாடி, பற்றவைத்தது, குழாய், ஓ-ரிங், கீழ் ஹோஸ், இரண்டு பாட்டில் கூலன்ட் 680, டிஸ்டில்டு வாட்டர் 200, எல்லாம் சேர்த்து 5,880 ரூபாய். இந்தக் கசிவுக்கு உண்மையில் தேவைப்பட்டது 1,875. மூடியும் மேல் ஹோஸும் எப்படியும் மாற்ற வேண்டியவைதான். டைமிங் பெல்ட்டும் வீணில்லை. நன்றாக இருந்த பம்பைக் கழற்றி எறிந்ததுதான் மனதை உறுத்துகிறது. அதைச் சுத்தம் செய்து, எண்ணெய்த் துணியில் சுற்றி, மேல்தட்டில் வைத்திருக்கிறேன்.

இன்னொரு முறை இப்படி வந்தால், அளக்கத் தொடங்கும் முதல் வாரத்திலேயே அழுத்த மூடியைப் போட்டுப் பார்ப்பேன். துளி கண்ணில் படும்வரை ஒரு போல்ட்டையும் தொடமாட்டேன். துளி தெரிந்த இடத்திலிருந்து மேல்நோக்கி, காய்ந்த இடம் வரும்வரை டிஷ்யூவை நகர்த்திக்கொண்டே போவேன். நோட்டில் மில்லியோடு கிலோமீட்டரையும் எழுதுவேன். மார்ச் முதல் எழுதிவருகிறேன். பம்பைக் கழற்றும் வேலை எந்தக் காரணத்தால் வந்தாலும், அதோடு சேர்ந்த இரும்புக் குழாயை முழுதாக வெளியே எடுத்துப் பட்டையின் உட்புறத்தைச் சுரண்டிப் பார்க்காமல் மீண்டும் செருகவிடமாட்டேன்.

சென்ற ஞாயிறு மீண்டும் குன்னூர் போனோம். நால்வர், ஏசி இல்லாமல். பர்லியாறில் முள் பாதிக்குக் கீழேயே இருந்தது. ஆனாலும் அன்று முள் ஏறியபோது ஓரம் கட்டிய அதே இடத்தில் நிறுத்தி, பானட்டைத் திறந்து, டார்ச்சும் கண்ணாடியும் எடுத்துப் பட்டையைப் பார்த்தேன். பிரைமரின் செம்மண் நிறம் காய்ந்து சுத்தமாக இருந்தது. ஹீட்டருக்குப் போகும் இரண்டு ஹோஸ்களும் வண்டியோடு வந்தவை. விரலால் அழுத்தினால் மெல்லிய நொறுங்கல் சத்தம் கேட்கிறது. அவற்றுக்கு ஒன்றரை மீட்டர் ஹோஸ் வாங்கி வைத்திருக்கிறேன். தென்மேற்குப் பருவமழை தொடங்குவதற்கு முன் அதை மாற்ற வேண்டும்.